பாரம் வாங்குகிறவள்

விழுந்தவன் நான், விழவிட்டவள் நீ, இதில் இழுத்துப் பேச என்ன இருக்கிறது என்று குணசீலன் மொசைக் தரையில் மல்லாந்து கிடந்தபடி பல்லைக் கடித்தான். சத்தம் கொடுத்தியா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. கொடுக்கல. கொடுத்திருந்தா என் காது என்ன ஊருக்குப் போயிருந்துச்சா? ஓடுகிற மின்சார ரயிலில், தண்டவாளம் போடுகிற கூச்சலில், பெட்டியின் அந்தக் கோடியில் எவனாவது ‘கவர் எவ்வளவு’ என்று முனகினாலும் நேராக அவன் முட்டியில் போய் நிற்கிற காது இது. இதைக் குறை சொல்ல இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரணும். அவள் பெயரை அவன் மனசுக்குள்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கோபம் பாதி இறங்கிவிடும். இறக்க அவனுக்கு மனமில்லை. மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு முனகலாக ஓடியது. அயனாவரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடி, சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இல்லாத நாளில் ஜோயல் மாஸ்டரின் நடனக் குழுவுக்கு வாடகைக்கு விடுவார்கள். எத்தனை தடவை கழுவினாலும் தரையில் ரசமும் வாழையிலையும் மணக்கும். அந்த மணத்துக்குள் கண் தெரியாதவர்களும் கொஞ்சமாகத் தெரிகிறவர்களுமாக ஒரு கூட்டம் சாயங்காலமானால் வந்து மல்லாந்து கிடக்கும். முதலில் கிடக்கணும், பிறகு வட்டமாக உட்காரணும், அதற்குப் பிறகுதான் ஆட்டம். “உடம்பைத் தரைகிட்ட குடுத்துடுங்க,” என்று மாஸ்டர் மெதுவாக நடந்துகொண்டே சொன்னார். அவர் கண் தெரிந்தவர். அந்தக் கூடத்தில் நடக்கும்போது மட்டும் வேண்டுமென்றே குதிகாலை ஊன்றி, தான் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே நடப்பார். “குணா, தோளு தூக்கிக்கிட்டு நிக்குது பாருங்க. விடுங்க.” விடுறதாம். விட்டதால்தானே செவ்வாய்க்கிழமை இந்த நிலைமை. பின்மண்டையில் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம் இன்னும் இருக்கிறது, தரையில் தலையை வைத்தால் அது முதலில் போய் உட்காருகிறது. இன்றைக்கு மறுபடியும் விழணும். ஞாயிற்றுக்கிழமை மேடை. இன்றைக்குச் சரியாக வரவில்லையென்றால் விழுகிற இடத்தையே எடுத்துவிட்டு, கைகோத்து நின்று முடித்துக்கொள்ளலாம் என்று மாஸ்டர் போனில் சொல்லிவிட்டார். கைகோத்து நின்றால் எல்லாரும் எழுந்து கைதட்டுவார்கள். எப்படித் தட்டுவார்கள் என்று அவனுக்குத் தெரியும். பாவம் என்று தட்டுகிற தட்டுக்குத் தனி ஓசை, ஈரத்துணியை உதறுகிற மாதிரி. அதைக் கேட்கவா இத்தனை மாசம் கடையை மச்சான் கையில் விட்டுவிட்டு இங்கே வந்து உருண்டான்?

அவன் யாருக்கும் எதையும் சும்மா கொடுத்தவனில்லை. ரயிலில் சாவிக்கொத்து விற்று, அடையாள அட்டைக் கவர் விற்று, போலீஸ்காரனிடம் அடி வாங்கி, கூடை பறிபோய், மறுபடி கூடை வாங்கி, கடைசியில் ஸ்டேஷன் வாசலில் மொபைல் கவர் கடை என்று ஒரு பலகைக்கு வந்து சேர்ந்தவன். பாரிமுனையில் மொத்த வியாபாரிகள் அவன் தலையைக் கண்டாலே ‘வந்துட்டான்யா’ என்பார்கள். கவரைத் தடவிப் பார்த்தே போன வருஷத்துச் சரக்கு, இந்த வருஷத்துச் சரக்கு சொல்லிவிடுவான். மாஸ்டர் முதலில் வந்ததே வாடிக்கையாளராகத்தான். பேரம் பேசி, தோற்று, போகிற போக்கில் “ஆடத் தெரியுமா?” என்று கேட்டார். “பீச் ஸ்டேஷன்லேர்ந்து தாம்பரம் வரைக்கும் எதையும் பிடிக்காம நிக்கத் தெரியும், அது ஆட்டமா?” என்றான் இவன். “அதுதான் ஆட்டம்” என்றார். வந்த முதல் நாள் அவர் தன் தோளைக் கொடுத்து “பாரத்தைக் குடுங்க” என்றபோது, “குடுத்தா நீங்க என்ன குடுப்பீங்க?” என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. உடம்பை அடுத்தவன் கையில் கொடுப்பது என்றால் அவனுக்கு ரோடுதான் ஞாபகம் வரும். பேசாமல் ஓரமாக நிற்கிறவனை எவனாவது ஒரு தர்மவான் வந்து கையைப் பிடித்து இழுத்து, தாண்ட வேண்டாத ரோட்டைத் தாண்ட வைத்து, புண்ணியத்தைக் கட்டிக்கொண்டு போய்விடுவான். இவன் திரும்பத் தாண்டணும். பிடித்த கைகள் எல்லாம் அப்படி. கேட்டுப் பிடித்த கை ஒன்றுகூட இல்லை. ஆகவே அவன் யார் மேலும் சாய்ந்தது கிடையாது, கல்யாணம் செய்யவில்லை, கோயில் தூணில்கூட முதுகை வைக்க மாட்டான். அப்படிப்பட்டவனை விழ வைத்தவள் அவள். “யோவ், பொட்டி சேப்டா இறங்கும், நீ விடு” என்று சிரித்துக்கொண்டே தன் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள். அதுதான் ஏற்பாடு: எதிர்ச்சுவரிலிருந்து அவன் ஓடி வரணும், கிட்டே வந்ததும் அவள் தொடையில் தட்டணும், தட்டு கேட்ட இடத்தில் அவன் திரும்பி முதுகு காட்டிச் சாயணும். அவள் கையால் பிடிப்பதில்லை. அவன் முதுகு தன் நெஞ்சில் பட்டதும் தானும் சேர்ந்து இறங்குவாள், மூட்டையை நெஞ்சோடு சாய்த்து இறக்குகிற கூலிக்காரன் மாதிரி, இருவருமாகத் தரைக்கு வருவார்கள். முதல் தடவை இறங்கின அன்றைக்கு, தண்ணி குடிக்கப் போவது போல வெளியே போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். அதை எவனுக்கும் சொல்லவில்லை. அந்த விழுதல்தான் அவனுக்கு வேணும். அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மொபைல் கவர்.

அப்படி இருக்க, செவ்வாய்க்கிழமை நீ எங்க போன? ஓடினான். காற்று மாறுகிற இடம் வந்தது, இடதுபக்கம் ஜன்னல் இருப்பதால் கன்னத்தில் குளிர் படும், அதுதான் அவள் எல்லை. தட்டு வரவில்லை. மாஸ்டர் அன்றைக்குப் புதிதாகப் பறை ஓசை ஒன்றைப் போட்டிருந்தார், அதில் அமுங்கியிருக்கும் என்று நினைத்தான். நினைத்தானா? நினைப்பதற்கெல்லாம் நேரம் ஏது. உடம்பு திரும்பிவிட்டது, சாய்ந்துவிட்டது. அடுத்த கணம் அவள் நெஞ்செலும்பு வரணும், மல்லிகையும் ஆபீஸ் தூசியும் கலந்த அந்த வாசம் வரணும். வரவில்லை. காற்று முடியவே இல்லை. இவ்வளவு உயரமா நான், இவ்வளவு உயரத்தில் இருந்தா இத்தனை நாளும் விழுந்துகொண்டிருந்தேன் என்று தோன்றியது. அப்புறம் தரை. மண்டை தரையில் பட்ட சத்தம் வெளியே இருந்து வரவில்லை, உள்ளே இருந்து வந்தது, தேங்காய் உடைகிற மாதிரி. எல்லோரும் ஓடி வந்தார்கள், மாஸ்டர் கழுத்தைத் தாங்கிப் பிடித்தார், கூட ஆடுகிற மெஹரு ‘யா அல்லா’ என்று தண்ணியைத் தன் மேலேயே ஊற்றிக்கொண்டாள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் விழவிட்டவளின் குரல் மட்டும் திரும்பத் திரும்ப: “நான் இங்கதான இருந்தேன். நான் இங்கதான இருந்தேன்.” அதுதான் ரெண்டு நாளாக உள்ளே கிடந்து குடைகிறது. மன்னிச்சுக்கோ என்று சொல்லவில்லை. அடி பட்டுச்சா என்று கேட்கவில்லை. இங்கதான இருந்தேனாம். யாரு இல்லேன்னா? எங்க இருந்தா எனக்கென்ன, சத்தம் எங்க? உனக்குத்தான் கொஞ்சம் தெரியுமே. குழாய்க்குள்ள பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும் தெரியுது என்று நீதானே சொல்லுவ. அந்தக் குழாய்க்குள்ள நான் ஓடி வர்றது விழலையா? விழுந்திருக்கும். பார்த்துக்கிட்டு நின்ன. பாரத்தைப் பார்த்துப் பயந்து ஒதுங்கிட்ட. ஒதுங்கினவளுக்கு ஒரு தட்டுத் தட்டவா கை வரல?

“மூச்சு கீழ போகட்டும்,” என்றார் மாஸ்டர் எங்கோ தலைமாட்டில். மூச்சு போகவில்லை, ‘இங்கதான’விலேயே மாட்டிக்கொண்டு நின்றது. இங்கதான இருந்தேன். அவன் அந்தக் குரலை மறுபடி ஓடவிட்டான், கடையில் கள்ளச் சரக்கைத் தடவுவதுபோல. குரலில் ஏதோ பிசகு. குரல் பொய்யில்லை. அழுகையும் இருந்தது. பிசகு வேறெங்கோ. அவன் தரையில் கிடக்கிறான், எல்லோர் குரலும் அவன் முகத்தின் மேல் வந்து கொட்டுகிறது, ஒவ்வொருத்தரும் குனிந்திருக்கிறார்கள். அவள் குரல் மட்டும் கொட்டவில்லை. அது உயரத்திலேயே போனது. ஜன்னல் பக்கத்துச் சுவரில் பட்டுத் திரும்பி அவனிடம் வந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறவளின் குரல் அது. குணசீலன் தரையில் அப்படியே இறுகிப்போனான். விழுந்தவன் எங்கே கிடக்கிறான் என்று தெரிந்த யாரும் ஜன்னலைப் பார்த்து அழ மாட்டார்கள். கைப்பிடி அளவு வெளிச்சம் இருந்தாலும் முகம் தானாகத் திரும்பிவிடும். இதை அவன் காது அன்றைக்கே வாங்கி வைத்திருக்கிறது, மூளைதான் கோபத்தில் கடையைச் சாத்திவிட்டது. அதோடு அடைத்துக் கிடந்தது எல்லாம் சரிந்து வந்தது. படிக்கட்டில் வளையல் சத்தம். அவள் எப்போதும் கையை வீசித்தான் ஏறுவாள். கொஞ்ச நாளாகக் கண்ணாடி வளையல் சுவரைக் கீறிக்கொண்டே மேலே வருகிறது. சுண்ணாம்பு உதிர்கிறது, மெஹருகூட ‘டெலிபோன் அக்கா சுவத்துக்கு வெள்ளையடிக்கிறாங்க’ என்று கேலி பண்ணினாள். அரசாங்க ஆபீஸில் டெலிபோன் போர்டில் இருப்பதால் குழுவில் எல்லோருக்கும் அவள் டெலிபோன் அக்கா. அப்புறம் சட்டை. “உன் சட்டையைப் பார்த்தா பஸ்ஸே நிக்கும்யா, என்ன கலர்யா இது” என்று வந்ததும் வராததுமாக வம்பிழுப்பாள். எப்போது கடைசியாகச் சொன்னாள்? நினைவில்லை. போன வாரம் டீ குடிக்கும்போது, “கரண்ட் இருக்கா?” என்று கேட்டாள். அதை அவனிடம் கேட்டாள். “என்கிட்டயா கேக்குற? பேன் ஓடுது, கேக்கலையா?” என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். அட பாவி. அட பாவி மகளே. போயிடுச்சா? பூராவும் போயிடுச்சா? எப்ப?

சொல்லாமல் இருந்திருக்கிறாள். ஏன் என்று கேட்பது வீண், ஏன் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் அவளே சொன்னதுதான். “எங்க வீட்ல என்னை வெளிய விடுறதே இந்தக் கொஞ்சத்தை நம்பித்தான்யா. இதுவும் போச்சுன்னா வீல் சேர்ல உக்கார வெச்சுச் சோறு ஊட்டிடுவான் எங்கண்ணன்.” அவன் அப்போது, “கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று எகிறினான். “உனக்குப் பொறந்ததுலேர்ந்து பழக்கம். உனக்கு என்ன தெரியும், இருந்து போறது?” என்றாள். இருந்து போவது எப்படி இருக்கும்? மாலைக்கு மாலை குழாய் சுருங்கி, ஊசித் துவாரமாகி, அந்த ஊசித் துவாரத்திலும் ஒருநாள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தி. அந்த நாளும் ஆபீஸ் போனாளா? பஸ் ஏறினாளா? எந்தப் பஸ் என்று யாரைக் கேட்டாள்? ஏறி, இறங்கி, இந்தப் படியேறி, அவனைத் தாங்க வந்து நின்றிருக்கிறாள். பார்க்க முடியாதவள் எதை வைத்து அவன் வருகிற நேரத்தைப் பிடித்தாள்? காலை வைத்து. வேறென்ன. அவன் குதிகால் மொசைக்கில் விழுகிற ஓசை, தொம் தொம்மென்று, ‘யானை வருது’ என்று அவளே சிரிக்கிற அந்த ஓசை. இங்கே அவன் தன்னிடமே வந்து மாட்டிக்கொண்டான். ஏனென்றால் போன வாரம் மாஸ்டர் யாரோ ஒருத்தியைப் பார்த்து ‘பூனை மாதிரி ஓடுறீங்க, அழகு’ என்றார், அது இவனுக்குப் பொறுக்கவில்லை. பூனையா, நான் காட்டுறேன் பூனை. வீட்டு மொட்டை மாடியில் நுனிக்காலில் ஓடிப் பழகினான், ஒருவரிடமும் சொல்லாமல், செவ்வாய்க்கிழமை அவிழ்த்துவிட்டான். சத்தமே இல்லாமல் வந்தான். அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருப்பாள், யானை வரும் வரும் என்று. பறை அடிக்கிறது. யானை வரவில்லை. எங்கே, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று லேசாகத் திரும்பியிருப்பாள். அவன் வந்து, தட்டு கேட்காமலே திரும்பி, ‘அவளுக்குத்தான் தெரியுமே’ என்று சாய்ந்திருக்கிறான். பிறந்ததிலிருந்து கண்ணை நம்பாமல் பிழைத்தவன், போயும் போயும் அடுத்தவளுடைய ஊசித் துவாரத்தை நம்பி விழுந்திருக்கிறான். அவள் அவன் கால் ஓசையை நம்பி நின்றாள், அவன் அவள் கண்ணை நம்பி விழுந்தான், இரண்டுமே அங்கே இல்லை. சிரிக்க வேண்டிய விஷயம். சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் சொல்லாவிட்டால் அவள் இன்றைக்கும் அங்கேதான் நிற்பாள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் நிற்பாள், ஜன்னல் குளிர் இருக்காது, விளிம்புக்குக் கீழே நாற்காலிகள் இருக்கும். அவளே நடந்து போய் விழுவாள். மாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? சொன்னால் அவளை உட்கார வைத்துவிடுவார், அன்பாக உட்கார வைப்பார், அண்ணனுக்குப் போன் போகும். அது கையைப் பிடித்து இழுத்து ரோடு தாண்ட வைக்கிற வேலை. அதை நான் செய்ய மாட்டேன். சொல்லாமலும் இருக்க மாட்டேன். ரெண்டுக்கும் நடுவில் ஒரு விலை இருக்கும், எப்போதும் இருக்கும், இருக்கணும், எங்கே அது? தலைக்குள் தேடினான், எலுமிச்சம்பழம்தான் இருந்தது.

“மெதுவா எழுந்து உக்காருங்க. வட்டம்.” தரையில் துணி உரசுகிற சத்தம், முட்டி சொடுக்குகிற சத்தம். அவள் எங்கே உட்காருகிறாள்? வளையல் தரையைத் தடவியது, தடவித் தடவி வந்து அவனுக்கு இடதுபக்கம் நின்றது. அங்கேதான் எப்போதும் உட்காருவாள். மன்னிப்பும் கேட்காமல், வணக்கமும் சொல்லாமல், அவன் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள். அந்த ஆபீஸ் தூசி வாசம் வந்தது. மல்லிகை இல்லை. வட்டத்தில் ஒவ்வொருத்தரும் இன்றைக்குத் தன் உடம்பு எப்படி, தன் கண் எப்படி என்று வாயால் சொல்லணும், அதைக் கேட்டுத்தான் அன்றைய ஆட்டத்தில் யார் எங்கே என்று முடிவாகும். அவள் தினமும் ‘எப்பவும் போல’ என்றுதான் சொல்லுவாள். எல்லோரும் நம்புவார்கள், வட்டத்தில் பொய் சொல்ல யாருக்கும் தோன்றாது, விழுகிறது அவரவர் எலும்பு. வலதுபக்கத்திலிருந்து தொடங்கியது. மெஹரு, “எனக்கு முழங்கால் சொல்பேச்சு கேக்கல. கண்ணு அப்படியேதான், இருட்டு புல் ஸ்டாக், யாருக்காவது வேணும்னா வந்து எடுத்துக்கலாம்” என்றாள். சிரித்தார்கள். “குணா அண்ணன்கிட்ட குடு, மொத்தத்துக்கு வாங்கிக்குவார்” என்று யாரோ சொன்னார்கள். அப்புறம் அவன் முறை. முதலில் விலை சொல்கிறவன் தோற்றான், இது பாரிமுனையில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எதிராளி வாயைத் திறக்கிறவரை சரக்கைத் தடவிக்கொண்டே நிற்கணும். உட்கார்ந்தபடியே அவன் தரையைத் தடவினான். மின்விசிறி முனகியது. “குணா?” என்றார் மாஸ்டர். அவன் தொண்டையைச் செருமினான், கடையில் கூவுகிற குரல் வரவில்லை, வேறு ஏதோ ஒரு குரல் வந்தது. “தோளு வலிக்குது. மண்டை வலிக்குது. செவ்வாய்க்கிழமை நான் நுனிக்கால்ல ஓடினேன், யார்கிட்டயும் சொல்லல. தட்டு கேக்கறதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன்.” இன்னும் ஒன்று இருந்தது. “இன்னிக்குப் பயமா இருக்கு மாஸ்டர்.” அவ்வளவுதான். இதுவரை எவன் காதிலும் விழாத வார்த்தையை நடுக்கூடத்தில் வைத்துவிட்டான், எடுத்துக்கொள்கிறவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். மாஸ்டர், “சரி குணா. தேங்க்ஸ்” என்றார். “அடுத்து?” அடுத்து அவள்தான். மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. உதடு பிரிகிற அந்தச் சின்ன ஈரச் சத்தமும் கேட்டது. அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் அவள் பக்கம் திரும்பவில்லை, கையைத் தொடவில்லை, தொட்டால் அது இழுப்பதாகிவிடும். உள்ளுக்குள் மட்டும் கத்தினான், மண்டை வலி தெறிக்கக் கத்தினான். நான் வெச்சுட்டேன், என் பங்கு முழுக்க வெச்சுட்டேன், இனிமே உன்னோடது. ‘எப்பவும் போல’ன்னு சொன்னா சத்தியமா எழுந்து கீழே போயிடுவேன், இந்தப் பக்கம் தலைவெச்சும் படுக்க மாட்டேன். போக மாட்டேன், சும்மா சொல்றேன், போக எனக்கு இடம் கிடையாது. உங்கண்ணனை நான் பாத்துக்கிறேன், பஸ் ஏறுறதைச் சொல்லித் தர்றேன், யானை மாதிரியே ஓடி வர்றேன், கூடம் இடியிற மாதிரி ஓடி வர்றேன். எனக்கு உன் கண்ணு வேணாம், அது என்னைக்குமே எனக்கு வேணாம். உன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வேணும். கண்ணு தெரியலன்னு சொல்லு. இவங்க எல்லாரும் கேக்க, சத்தமா, நீயே சொல்லு. சொல்லிட்டு எழுந்து வந்து என் முதுகுக்குப் பின்னாடி நில்லு.